அணைக்கு மேலே அறிக்கை. அணைக்குக் கீழே மக்கள்

(கமக்காரரும் தொழில்துறையினரும் ஒருங்கு கூடிய கூட்டத்திலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பெரிய சுரங்கக் கம்பனிகள் ஆண்டுதோறும் தம்மைப் பற்றித் தாமே எழுதி வெளியிடும் ஒரு நூலைப் பற்றி இன்று பேச வந்துள்ளேன். அந்நூலுக்கு நிலைபேற்று அறிக்கை என்று பெயர். எவ்வளவு இலாபம் ஈட்டினோம் என்று சொல்லும் கணக்கறிக்கை வேறு. நிலத்துக்கு என்ன செய்தோம், நீருக்கு என்ன செய்தோம், தொழிலாளிக்கும் அயலில் வாழ்வோருக்கும் என்ன செய்தோம் என்று சொல்வது இவ்வறிக்கை. வழவழப்பான தாள், பச்சை மரங்களின் படங்கள், சிரிக்கும் குழந்தைகளின் முகங்கள், இடையிடையே எண்கள். இதுவே அதன் தோற்றம்.

கமக்காரனுக்கு இதனால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். மண்ணை அகழ்பவன் எழுதும் கணக்கிலே, மண்ணை உழுபவனின் உயிர் எந்தப் பந்தியில் வருகின்றது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்பது சட்டம் பயின்றவர் வழக்கம். இதனை எழுதியவர் யார்? எவருக்காக எழுதினார்? இது பொய்யானால், எவர் எவர்மீது வழக்குத் தொடரலாம்? காணி உறுதிக்குக் கேட்கும் இக்கேள்விகளைக் கம்பனியின் அறிக்கைக்கும் கேட்போம்.

அறிக்கை பிறந்த கதை

1989ஆம் ஆண்டு அலாஸ்காக் கரையிலே எக்ஸன் வல்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிற்று. கடலும் கரையும் எண்ணெயில் மூழ்கின. கம்பனிகள் இலாபக் கணக்கோடு நின்றுவிடாமல், இயற்கைக்குச் செய்த தீங்கின் கணக்கையும் காட்டவேண்டும் என்ற குரல் அதன்பின் ஓங்கிற்று. 1997இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே உலக அறிக்கையிடல் முன்முயற்சி என்னும் அமைப்புத் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் அதன் முதல் வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. இன்று உலகின் பெருங் கம்பனிகளிற் பல அந்நெறிகளைத் தழுவியே அறிக்கை எழுதுகின்றன.

நோக்கம் நல்லது என்பதை மறுக்கமாட்டேன். கணக்குக் காட்டமாட்டேன் என்பவனைவிடக் காட்டுகிறேன் என்பவன் மேல். ஆயினும் கணக்கு வேறு, தற்புகழ்ச்சி வேறு. கணக்கென்றால் கேட்பவர் ஒருவர் வேண்டும். தவறினால் தண்டம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடத்து அறிக்கை வெறும் அலங்காரமாகின்றது. அலங்காரம் மக்களின் உயிரைக் குடிப்பதும் உண்டு என்பதற்கு ஒரு வழக்கை உங்கள்முன் வைக்கிறேன்.

பிறேசிலில் நடந்தது

பிறேசில் நாட்டின் வாலே என்னும் கம்பனி, இரும்புத்தாது அகழ்வதில் உலகின் முன்னணியில் நிற்பது. தாதைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சுவது சேறு. அச்சேற்றைப் பள்ளத்தாக்கிலே தேக்கி வைக்க அணை கட்டுவார்கள். மீனாஸ் ஜெறைஸ் மாநிலத்திலே, புறுமாதின்யோ என்னும் ஊருக்கு அருகில் இருந்த அத்தகைய அணை ஒன்று 86 மீற்றர் உயரமானது. 1976இல் வேறொரு கம்பனி கட்டத் தொடங்கிய அதனை, 2001இல் வாலே தனதாக்கிக் கொண்டது.

வன்னியிலே குளக்கட்டைக் கண்டவர்களுக்கு இவ்வணை எத்தகையது என்பதை விளக்குவது எளிது. குளக்கட்டை உயர்த்த வேண்டின், கெட்டியான நிலத்தில் அடியை அகலித்து மேலே மண்ணைப் போட்டு இறுக்குவோம். இவ்வணையை அவ்வாறு உயர்த்தவில்லை. தேக்கிய சேறு ஓரளவு இறுகியதும், அச்சேற்றின்மேலேயே அடுத்த கட்டை உட்பக்கமாகச் சாய்த்து எழுப்பினார்கள். அதன்மேல் மற்றொன்று, அதற்குமேல் மற்றொன்று. குளத்து வண்டலின்மேல் குளக்கட்டை வைத்தால் நிற்குமா என்று எந்தக் கமக்காரனையும் கேளுங்கள். ஆனால் இம்முறையில் செலவு குறைவு. நீர் நன்றாக வடியும்வரை அணை நிற்கும். நீர் உள்ளே தங்கினால், இறுகிய சேறு நொடிப்பொழுதில் குழம்பாகி ஓடும்.

2019 ஜனவரி 25ஆம் நாள் நண்பகல் 12 மணி 28 நிமிடத்துக்கு அவ்வணை உடைந்தது. ஏறத்தாழ 97 இலட்சம் கன மீற்றர் சேறு 5 நிமிடத்துக்குள் வெளியேறிற்று. அணைக்குக் கீழே கம்பனியின் அலுவலகமும் தொழிலாளரின் உணவுச்சாலையும் இருந்தன. அது உணவு வேளை. ஆபத்தை அறிவிக்க வைத்த சங்கு ஊதவில்லை. ஊதுமுன் சேறு அதனையும் மூடிவிட்டது என்று கம்பனி பின்னர் கூறியது. 270 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கம்பனியின் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளருமே. இறந்த பெண்களில் இருவர் கர்ப்பிணிகள். ஆதலால் உறவினர் 272 என்றே கணக்கிடுகின்றனர். கம்பனியின் கணக்குக்கும் தாயின் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரண்டு எண்களிலே காணலாம்.

கீழேயுள்ள பறவோப்பேபா ஆறு சேறாயிற்று. அந்த ஆற்றை நம்பிப் பயிர் செய்தவர்களும் மீன் பிடித்தவர்களும் நீரை இழந்தனர்.

இது முதல் தடவையுமன்று. 2015 நவம்பர் 5ஆம் நாள் அதே மாநிலத்தில், மரியானா நகருக்கு அருகே ஓர் அணை உடைந்து 19 பேரைக் கொன்றது. அச்சேறு டோசி ஆற்றின் வழியே 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடி அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சேர்ந்தது. அந்தச் சுரங்கத்தில் பாதி உரிமை வாலேக்கும் மறுபாதி பி.எச்.பி. கம்பனிக்கும் இருந்தது. 2017இல் வாலேயின் தலைமையை ஏற்றவர், மரியானா இனியொருபோதும் நிகழாது என்பதையே தம் வாக்குறுதியாக்கினார். இருபது மாதங்கள் கழித்துப் புறுமாதின்யோ புதைந்தது.

எழுதியவர் யார்?

இனி அறிக்கைக்கு வருவோம். அணைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கம்பனியின் நிலைபேற்று அறிக்கை என்ன சொல்லிற்று? மிகக் கண்டிப்பான சர்வதேச நடைமுறைகளைக் கைக்கொள்கிறோம் என்றது. தன் அணைகள் நூற்றுக்கு நூறு நிலையானவை எனச் சான்று பெற்றவை என்றது.

நூற்றுக்கு நூறு! பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்தினால் நூற்றுக்கு நூறு வருவதில் வியப்பென்ன? வெளியார் சான்று கொடுத்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், கொடுத்தார்கள். பிறேசில் நாட்டு விதிப்படி, அணை நிலையாக உள்ளது என்னும் பத்திரத்தைக் குறித்த தவணைகளில் அரசுக்குச் சமர்ப்பிக்கவேண்டும். ரூவ் சூட் என்னும் ஜெர்மன் நிறுவனத்தின் பிறேசில் கிளை 2018 செப்ரெம்பரிலே, அதாவது உடைவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், அப்பத்திரத்தை வழங்கிற்று. அந்த நிறுவனத்தை நியமித்தவர் யார்? வாலே. கூலி கொடுத்தவர் யார்? வாலே. அடுத்த ஒப்பந்தம் வேண்டுமென்றால் எவர் முகத்தைப் பார்க்கவேண்டும்? வாலேயின் முகத்தையே.

அப்பத்திரத்துக்கு அடிப்படையான எண்ணையும் கேளுங்கள். அணையைத் தள்ளும் விசையும் தாங்கும் வலிமையும் சரிசமமானால் பாதுகாப்புக் காரணி 1. நீர் வடியாத நிலையில் அவ்வணைக்குக் கணித்த காரணி 1.09. இருக்கவேண்டியதாக வல்லுநர் கூறிய குறைந்த அளவு 1.3. அஃதாவது, நூறு மூடை பாரம் வரும் வண்டிக்கு நூற்றுமுப்பது மூடை தாங்கும் அச்சு வேண்டுமென்று ஆசாரி சொல்ல, நூற்றொன்பது மூடை தாங்கும் அச்சைப் பூட்டி, வண்டி நல்ல வண்டி என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது இது. அறிக்கையை வாசித்தவனுக்கு இந்த 1.09 தெரியாது. அவன் கண்டது நூற்றுக்கு நூறு என்பதை மட்டுமே.

கணக்காய்வாளர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய அறிக்கைகளின் இறுதியிலே உறுதிப்பாட்டுக் கடிதம் ஒன்று இணைக்கப்படுவது உண்டு. பெரும்பாலும் அது வரையறுக்கப்பட்ட உறுதிப்பாடு எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதன் வாசகத்தைக் கவனித்திருப்பீர்கள். இவ்வறிக்கை சரியானது என்று அது சொல்வதில்லை. இது பிழையானது என்று எண்ணச் செய்யும் எதுவும் எமது கவனத்துக்கு வரவில்லை என்றே சொல்லும். சாட்சிக் கூண்டில் ஏறி, இவன் களவெடுக்கவில்லை என்று சொல்வது ஒன்று; இவன் களவெடுத்ததை நான் காணவில்லை என்று சொல்வது வேறொன்று. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர் என்று கேட்க அங்கே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இல்லை.

எண் சொல்லாதது எது?

எண்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. எதனை எண்ணுவது என்று தீர்மானிப்பவன் கையிலே உண்மை அகப்பட்டுவிடுகின்றது. இதற்கு மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

முதலாவது, விபத்து விகிதம். பத்து இலட்சம் வேலை மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் காயமுற்றனர் என்று கணக்கிடுவார்கள். கை நசுங்கியதும் கால் வழுக்கியதும் அதில் வரும். தொழிலாளியைக் காக்க அது பயன்படுவதே. ஆனால் அது நடந்ததை எண்ணும் கணக்கு, நடக்கப்போவதை அறியாது. அணை உடைவதற்கு முதல்நாள் வரை, அந்த எண்ணிலே அணையின் ஆபத்து ஓர் அணுவளவும் தோன்ற வழியில்லை. மேலும், அணைக்குக் கீழே வெங்காயம் நடுபவளின் மணித்தியாலம் எந்தக் கம்பனியின் வேலை மணித்தியாலம்? அவள் அக்கணக்கில் வாழவுமில்லை, சாகவுமில்லை.

இரண்டாவது, சராசரி. கம்பனி முழுவதும் இவ்வளவு நீரைப் பாவித்தது, முன்னைய ஆண்டைவிட இவ்வளவு வீதம் குறைந்தது என்று எழுதுவார்கள். மழை மிகுந்த நாட்டுச் சுரங்கத்தில் மிச்சம் பிடித்த நீர், வரண்ட நாட்டுச் சுரங்கத்தின் அயற்கிணற்றுக்கு ஊறி வருமா? கிணறு வற்றுவது ஒரு வளவிலே. அவ்வளவுக்குரிய எண்ணை அறிக்கையிற் காணாவிட்டால், உலகம் முழுவதற்குமான எண் அந்த வளவுக்காரனுக்கு எதற்கு?

மூன்றாவது, எல்லை. காற்றிற் கலக்கும் கரியமில வாயுவைக் கணக்கிடும்போது மூன்று வட்டங்கள் போடுவார்கள். தானே எரிப்பது முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாம் வட்டம். விற்ற பொருளை வாங்கியவன் பாவிப்பதால் வருவது மூன்றாம் வட்டத்தின் பெரும்பகுதி. இரும்புத்தாதை உருக்கும் உலையிலேதான் புகை பெருகுகின்றது. ஆகவே இத்தகைய கம்பனியின் புகைக் கணக்கில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பங்கு மூன்றாம் வட்டத்தில் உள்ளது. இன்ன ஆண்டுக்குள் பூச்சியமாக்குவோம் என்ற உறுதிமொழியைக் கண்டால், எந்த வட்டத்துக்கு என்று உடனே கேளுங்கள். முதலிரு வட்டங்களுக்கு மட்டுமென்றால், கோவணத்தைத் துவைத்துவிட்டு வேட்டியும் வெளுத்தது என்று சொல்வது போலாகும்.

சட்டத்தில் ஒரு கொள்கை உண்டு. உண்மையை மறைப்பது பொய்யை உணர்த்துவதற்குச் சமமாகலாம் என்பது அது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே மெய்யாயிருந்தும், புத்தகம் முழுவதும் பொய்யாயிருக்க முடியும்.

எவருக்காக எழுதினார்?

இப்பொழுது வழக்கின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். வாலேயின் பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தையிலே விற்கப்படுபவை. 2022 ஏப்ரிலில் அமெரிக்காவின் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு, நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. அணைப் பாதுகாப்புச் சோதனைகளைத் திரித்தது, முறையற்ற உறுதிப் பத்திரங்களைப் பெற்றது, நிலைபேற்று அறிக்கைகளின் மூலம் முதலீட்டாளரையும் அவ்விடத்து மக்களையும் அரசையும் ஏமாற்றியது என்பன குற்றச்சாட்டுகள். 2023 மார்ச்சில் கம்பனி, குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், 5 கோடியே 59 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதிலே நாம் மகிழ வேண்டியது ஒன்று. வருந்த வேண்டியது ஒன்று.

மகிழ வேண்டியது யாதெனில், பச்சை மரப் படங்கள் நிறைந்த அந்த நூலே நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குக்கு ஆதாரமாயிற்று. விளம்பரம்தானே, இதற்கெல்லாம் வழக்கா என்று எவரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. எழுதிய சொல்லுக்கு எழுதியவன் பொறுப்பாளி என்ற பழைய நீதி, இப்புதிய நூலுக்கும் பொருந்தும் என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று.

வருந்த வேண்டியதோ இது. அச்சட்டம் காக்க எழுந்தது பங்கு வாங்கியவனின் பணத்தை. பொய்யை நம்பிப் பங்கு வாங்கியவனுக்காக வாதாட ஓர் ஆணைக்குழு இருந்தது. அதே பொய்யை நம்பி அணைக்குக் கீழே உணவருந்த உட்கார்ந்தவனுக்காக, அந்த நூலின் வாசகத்தைக் காட்டி வாதாட அத்தகைய ஆணைக்குழு இருக்கவில்லை. அழிவுக்குரிய ஈடு வேறு வழியாக வந்தது. 2021 பெப்ரவரியிலே மாநில அரசோடும் சட்ட அதிகாரிகளோடும் செய்த உடன்படிக்கையில், ஏறத்தாழ 3,768 கோடி றியல் கொடுக்கக் கம்பனி இணங்கிற்று. பெருந்தொகைதான். ஆனால் அது அழிந்தபின் கொடுத்த தொகை. அழியுமுன் அறிந்து எழுந்து போகும் உரிமையை எந்தத் தொகையும் திருப்பித் தராது.

இன்று உலக அளவில் நடக்கும் வாதமும் இதுவே. 2023 ஜூனில் வெளிவந்த சர்வதேச நிலைபேற்று வெளிப்படுத்தல் நியமங்கள், முதலீட்டாளனின் தீர்மானத்தைப் பாதிக்கக்கூடிய செய்திகளைக் கேட்கின்றன. நான் முன்னர் குறிப்பிட்ட 1997ஆம் ஆண்டு அமைப்பின் நெறிகளோ, கம்பனியால் மக்களுக்கும் மண்ணுக்கும் விளைவதைக் கேட்கின்றன. சுரங்கம் கம்பனியின் பணப்பெட்டிக்கு என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. உங்கள் கிணற்றுக்கு என்ன செய்யும் என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்குச் சந்தையும் சட்டமும் துணை நிற்கின்றன. இரண்டாம் கேள்விக்கு மக்களே துணை.

மாறியவை சில

நியாயமாகப் பேசவேண்டும். அழிவின்பின் சில மாற்றங்கள் வந்துள்ளன. சேற்றின்மேல் அணை எழுப்பும் முறையைப் பிறேசில் தடை செய்தது. 2019 ஏப்ரிலில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய நிதியும் சுவீடன் நாட்டு ஓய்வூதிய நிதிகளும் முன்னின்று, நூற்றுக்கணக்கான சுரங்கக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதின. உங்கள் அணை ஒவ்வொன்றும் எங்கே உள்ளது, எம்முறையிற் கட்டப்பட்டது, உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டன. 2020 ஆகஸ்டில் சுரங்கச் சேற்று அணைகளுக்கான உலக நியமம் ஒன்றும் வந்தது. வாலே இன்று தன் அணைகளைத் தனித்தனியே பெயர் கூறிப் பட்டியலிடுகின்றது. பழைய முறை அணைகளை அகற்றியும் வருகின்றது.

இம்மாற்றம் எதனால் வந்தது? நூற்றுக்கு நூறு என்ற விடையை ஏற்காமல், ஒவ்வோர் அணையையும் பெயர் சொல்லிக் கேட்டதனால் வந்தது. கேள்வி கூர்மையானபோது விடையும் கூர்மையாயிற்று.

நமக்குரிய பாடம்

பிறேசிலின் கதை நமக்கேன் என்பவருக்கு ஒன்று சொல்வேன். மன்னார்த் தீவிலே இல்மனைற் முதலிய கனிம மணல் தேடும் வேலையை நடத்தியிருப்பது அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையிற் பதிவு பெற்ற ஒரு கம்பனி. 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். மணலில் எவ்வளவு கனிமம் உண்டு என்பதைச் சந்தைக்கு அறிவிக்க வேண்டுமென்று அந்நாட்டு விதிகள் அக்கம்பனியைப் பணிக்கின்றன. பங்கு வாங்குபவன் தன் வீட்டில் இருந்தபடியே அதனை வாசிக்கிறான். பேசாலை மீனவனுக்கும் அதே நாளில், அவன் மொழியில், அதே பத்திரத்தைக் கொடு என்று எந்தச் சட்டமும் பணிக்கவில்லை. மணல் அவன் காலடியில். செய்தி அடுத்தவன் கையில்.

ஆகவே சுரங்கம் எதுவாயினும், கம்பனி எவருடையதாயினும், நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, கம்பனி முழுவதற்குமான எண் வேண்டாம்; எங்கள் ஊருக்கும் எங்கள் நீருக்கும் உரிய எண்ணைத் தா. இரண்டாவது, சோதிப்பவனைத் தெரிவு செய்வதில் எங்களுக்கும் பங்கு வேண்டும். அவன் கூலி கம்பனியின் கையிலிருந்து நேரே போகக்கூடாது. மூன்றாவது, சுருக்கம் வேண்டாம். அடிப்படைக் கணிப்பையே தமிழில் தா. நான்காவது, இவற்றைத் தோண்டுமுன் தா.

கேட்பதற்குக் கருவி ஏதும் இல்லாதவர்களல்லர் நாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உள்ளது. சுற்றாடல் அதிகாரசபையிடமும், அனுமதி வழங்கும் சுரங்கப் பணியகத்திடமும் உள்ள பத்திரங்களை எந்தக் குடிமகனும் எழுத்திற் கேட்கலாம். பொறியியலாளர்களே, அந்தப் பத்திரங்களை வாசித்து ஊர்ச் சங்கத்துக்கு விளக்குவது உங்கள் கடமை. கணக்காளர்களே, எண்ணுக்குள் மறைந்ததை எடுத்துக் காட்டுவது உங்கள் கடமை. விண்ணப்பத்தை எழுதுவதும், மறுத்தால் மேன்முறையீடு செய்வதும் எங்கள் கடமை. கமக்காரரே, உங்கள் கடமை எல்லாவற்றிலும் பெரியது. மாரி தொடங்கியதும் குளக்கட்டின் வெளிச்சாய்விலே நடந்து ஈரக்கசிவு தேடுகிறீர்களே, அந்தக் கண்ணே இந்த அறிக்கைகளை வாசிக்க வேண்டிய கண். கட்டின் மேற்பரப்பில் புல் பச்சையாய் இருக்கிறதென்று நீங்கள் உறங்கப் போவதில்லை.

2019 பெப்ரவரியில், புறுமாதின்யோவில் இறந்தோர் பலரின் உடல்கள் இன்னும் சேற்றில் இருந்த வேளையிலே, வாலேயின் அன்றைய தலைவர் பிறேசில் நாட்டுச் சட்டமன்றத்தின் முன் தோன்றித் தம் கம்பனி நாட்டின் ஓர் ஆபரணம் என்றார். அச்சொல்லை அங்குள்ள தாய்மார் மறக்கவில்லை. சேற்றில் மாண்ட தம் மக்களையே அவர்கள் அன்று தொட்டு ஆபரணங்கள் என்று அழைக்கின்றனர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கின்றனர். அவ்வாறு பெயர் சொல்லும் கணக்கையே நாமும் கேட்போம், தோண்டுமுன் கேட்போம்.